பலத்துக்கு ஒரு பொங்குமாங்கடல்

தென்காசிப் பக்கம் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவனைப் பார்த்து, "தாராசிங் மாதிரி வருவான்" என்பார்கள் பெரியவர்கள். அமிர்தசரஸ் பக்கம் தர்முசக் கிராமத்தில் 1928-இல் பிறந்த ஒருவரின் பெயர் எங்கள் அடுக்களை வரை வந்து சேர்ந்திருந்தது. அவரை நேரில் பார்த்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

இருபது வயதுகூட நிரம்பாமல் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போனவர் தாராசிங். தொழில்முறைக் குஸ்தியை அங்கேதான் பழகினார். மலேயாவில் பட்டம் வென்று, பிறகு இந்தியா முழுக்க மேடையேறினார். அவருக்குச் சரியான எதிராளி, ஹங்கேரிக்காரரான கிங்காங். எடை ஏறக்குறைய 200 கிலோ. அந்த உடம்பைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கியதை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். 1959-இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம். 1968-இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம். 1983-இல் டெல்லியில் மேடையை விட்டு இறங்கும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

'யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஆட்டம்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. பல ஆட்டங்கள் அப்படித்தான். ஆனால் பேசி வைத்துவிட்டால் 200 கிலோ இலேசாகிவிடுமா? தூக்குகிறவன் முதுகு ஒடியக் கூடாது, விழுகிறவன் கழுத்து முறியக் கூடாது. அடுத்த ஊரில் இருவரும் மறுபடி மோத வேண்டும். எதிராளியின் உடம்புக்கும் தானே பொறுப்பு என்று நினைக்கிறவன்தான் அந்தத் தொழிலில் முப்பத்தைந்து வருஷம் தாக்குப்பிடிக்க முடியும்.

குற்றாலத்தில் பேரருவிக்கு அடியில் நிற்கும்போது எனக்கு இந்த நினைப்பு வரும். மலையுச்சித் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் யார் தாங்குவது? பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அதற்குப் பிறகே கீழே இறங்குகிறது. சாரல் காலத்தில் பச்சைப்பிள்ளையும் பாட்டியும் அதில் குளிக்க முடிவது அதனால்தான். தாராசிங்கின் பலத்துக்குள்ளும் அப்படியொரு குழி இருந்தது.

அனுமன் வேஷம் அவருக்கு அவ்வளவு பொருந்தியதும் இதனால்தான் என்பேன். 1976-இல் 'பஜ்ரங்பலி' படம். 1987-இல், அறுபதை நெருங்கும் வயதில், ராமானந்த சாகரின் தொலைக்காட்சி ராமாயணம். ஞாயிற்றுக்கிழமை காலையில், டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத பாட்டிமார் அவர் முகம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மலையைப் பெயர்க்கிறவன் ராமன் முன்னால் அடங்கி நிற்கும் பணிவை அவரிடம் எல்லோரும் நம்பினார்கள். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்துவிட்டு, 2012 ஜூலை 12-ஆம் தேதி 83 வயதில் மறைந்தார்.

இப்போது எங்கள் ஊர்த் தம்பிமாரும் ஜிம்முக்குப் போகிறார்கள். சந்தோஷம்தான். மூன்றே மாதத்தில் உடம்பு ஏற வேண்டுமென்று ஊசியையும் மாத்திரையையும் தேடுகிறவர்களைக் கண்டால்தான் வயிறு கலங்குகிறது. தம்பிகளே, உடம்பை ஏற்றச் சில வருஷம் போதும். ஏற்றிய பலத்தை அடக்கி ஆள ஆயுசு முழுக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.