மறுகால் ஓடையில் நான் பதித்த குழாய்

நான் பொய் அறிக்கை எழுதியவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிவகங்கைச் சீமையில் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். அங்கே ஆடு மேய்க்கும் பையனுக்கும் இது தெரியும். ஒன்றியத்தில் ஓவர்சீயராக இருந்த எனக்கும் தெரியும்.

2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்தது. சமவெளியில் 500 பேருக்கு மேல் இருந்தும் நல்ல சாலை இல்லாத ஊர்களுக்குத் தார்ச்சாலை. என் பிரிவிலும் ஓர் ஊருக்குக் கிடைத்தது. அதுவரை வண்டிப்பாதைதான்; மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி வருவார்கள். பாதையின் நடுவே மறுகால் ஓடை.

சித்திரை வெயிலில் அளக்கப் போனேன். ஓடை மணலில் ஈரமே இல்லை. ஒரு பெரியவர் என்னைக் கரையில் நின்ற பனைக்குக் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கறை. அதற்குக் கீழே மரத்தின் சொரசொரப்பில் காய்ந்த கூளம் சிக்கியிருந்தது.

"சார், மறுகா போனா இம்புட்டுத் தண்ணி வரும். ரோட்டை ஒசத்தாதீங்க. தண்ணி மேல ஏறிப் போற மாதிரி தரைப்பாலமாப் போட்டுருங்க."

"அதெல்லாம் கணக்குப் பண்ணித்தான் போடுவோம். நீங்க போங்க."

ஒரு கணக்கும் பண்ணவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியவர் எனக்குச் சொல்லித்தருவதா என்ற திமிர். மதிப்பீட்டைத் திருத்தினால் மேலே கேள்வி வரும் என்ற சோம்பலும் உண்டு. ஓடையில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, ஒற்றை வரிசை சிமென்ட் குழாய் பதித்தோம்.

சில வருஷம் மழை பொய்த்தது. சாலை நன்றாக இருந்தது. மினிபஸ் வந்தது.

2005 பருவமழையில் மேல் கண்மாய் மறுகால் போனது. குழாயின் வாயைச் செத்தையும் கருவேல முள்ளும் அடைத்தன. சாலையே அணையாகிவிட்டது. மேல்புறம் தூர் கட்டிக்கொண்டிருந்த நெல் முழுகியது. மறுநாள் தண்ணீர் வீட்டு வாசல்களுக்கு ஏறியது. அன்று ராத்திரி ஊரார் கடப்பாரையோடு போய்ச் சாலையை வெட்டிவிட்டார்கள். நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

அடுத்தது என் பயம். ஒப்பந்தக்காரர் 5 வருஷம் பராமரிக்க வேண்டிய சாலை அது. குழாய் தாங்கவில்லை என்றால் மதிப்பீடு போட்ட என் தலை உருளும். ஆட்கள் வெட்டினார்கள் என்றால் எனக்கும் சிக்கலில்லை, அவருக்கும் சிக்கலில்லை. 'சமூக விரோதிகள் சேதப்படுத்தியுள்ளனர்' என்று எழுதினேன். முன்னின்றவர் என்று பெரியவரின் பெயரைச் சேர்த்தேன். வெட்டும்போது அவர் அங்கே இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஊரில் எனக்குப் பெயர் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த அறிக்கை போலீஸ் புகாரானது. நெல்லும் போய், பெரியவர் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார். மினிபஸ் நின்றுபோனதால் வாய்தாவுக்கு மெயின்ரோடு வரை நடந்தார். பள்ளிப் பிள்ளைகள் அந்த வெட்டுக்குள் இறங்கி ஏறினார்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் சிலரின் படிப்பை வீட்டில் அதோடு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அங்கே தரைப்பாலம் கட்டினார்கள். அதற்கும் மதிப்பீடு போட்டது நான்தான். காரணம் கேட்ட இடத்தில் 'எதிர்பாராத கூடுதல் நீர்வரத்து' என்று எழுதினேன். பெரியவர் மேல் கொடுத்த புகார் தவறு என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் பழைய அறிக்கை பொய் என்று ஆகிவிடுமே. வழக்கு தள்ளுபடியாகும்வரை அவர் நடந்தார். அதற்குள் நான் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டேன்.