கடைசியாக வருபவர்

அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார் திருவள்ளுவர். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு; தொடர்பில்லாதார்மேலும் பரந்து செல்வது அருள் என்று இக்கல்லூரியின் தமிழ் வகுப்பில் எங்கள் பேராசிரியர் விளக்கினார். அதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, ஒரு சாலையோரத்தில்தான்.

2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரையிலான காலத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை இரக்கத்தின் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. அதனை அறிவித்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். அவ்வாண்டு எங்கள் பங்கின் இளைஞர் குழு தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் மேற்கொண்டது. குழுவை வழிநடத்தும் பொறுப்பு என்னுடையது. ஆகஸ்ட் 29ஆம் நாள் மாலை கொடியேற்றம். அதற்குள் சென்று சேரவேண்டும் என்பதே என் ஒரே கவலை.

புறப்படுமுன் பங்குத்தந்தை ஆளுக்கொரு சிறிய அட்டை கொடுத்தார். அதில் பதினான்கு இரக்கச் செயல்கள் அச்சிடப்பட்டிருந்தன. பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்கு நீர் தருதல், ஆடையற்றோர்க்கு ஆடை கொடுத்தல் போன்றவை உடல் சார்ந்த ஏழு. அறியாதோர்க்குக் கற்பித்தல், தவறுவோரைத் திருத்துதல், தொல்லை தருவோரைப் பொறுத்தல் போன்றவை ஆன்மா சார்ந்த ஏழு. இளைஞர்கள் முதல் ஏழைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். உணவுப் பொட்டலங்களும் புத்தாடைகளும் வண்டியில் ஏறின. பின் ஏழை எவரும் கேட்கவில்லை. அவற்றைப் படமெடுத்துக் காட்ட இயலாதல்லவா?

காவியுடையும் வெறுங்காலுமாய் நடந்தோம். மூன்றாம் நாள் நண்பகலில் திருவாரூரைக் கடந்து அடியக்கமங்கலத்தை அடைந்தபோது தார்ச்சாலை அடுப்பாய்க் கொதித்தது. ஒரு வீட்டின் முன் இசுலாமியப் பெரியவர் ஒருவர் பானையில் மோர் வைத்து வழிப்போவோர்க்கு வழங்கிக்கொண்டிருந்தார். குவளையை என் கையில் கொடுத்தபடியே, “எல்லாரும் வந்தாச்சா தம்பி?” என்று கேட்டார்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒருவன் குறைந்தான். குழுவிற்குப் புதிதாக வந்தவன், அதிகம் பேசாதவன். முதல் நாளிலிருந்தே பின்தங்கி வந்தான். அரைமணி நேரம் கழித்து அவன் தென்பட்டபோது என் பொறுமை எல்லை கடந்தது. “உன்னால் முப்பது பேர் காத்திருக்கிறோம். நடக்க முடியாவிட்டால் பேருந்தில் ஏறிப் போ!” என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். தவறுவோரைத் திருத்துவதும் இரக்கச் செயல்தானே என்று உள்ளுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. “மன்னிச்சிடுங்க அண்ணே” என்றான். பிறகு இரண்டு பாட்டில்களில் மோரை நிரப்பிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.

“எங்கே போகிறாய்?”

“பின்னால் ஒரு பாட்டி வர்றாங்க அண்ணே. கூட வந்தவங்களைத் தவறவிட்டுட்டாங்க. காலெல்லாம் கொப்புளம். மரத்தடியில் உட்கார வச்சிட்டு வந்தேன்.”

காலையிலிருந்து அந்த மூதாட்டியின் பையைத் தோளில் சுமந்து, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவர் எந்த ஊரோ, யாரோ!

பெரியவர் தம் பேரனை அழைத்து வண்டியை எடுக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் அம்மூதாட்டி அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உப்பிட்ட வெந்நீரில் கால்களை வைத்திருந்தார். அவருடைய குழுவினர் அவரைத் தேடிக்கொண்டு வந்து சேரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

அன்றிரவு தங்கிய இடத்தில் அந்த அட்டையை மீண்டும் எடுத்துப் படித்தேன். “தொல்லை தருவோரைப் பொறுத்தல்” என்ற வரியில் கண் நின்றது. அந்தச் செயலை ஒருவன் அன்று நிறைவேற்றியிருக்கிறான். தொல்லை தந்தவன் நான். இரக்கத்தை வழங்கப் புறப்பட்டவன் அதைப் பெற்றுக்கொண்டவனாக நின்றேன். எழுந்து சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியே அல்ல, எல்லோர் முன்னிலையிலும் கடிந்தவன் எல்லோர் முன்னிலையிலும் கேட்பதே முறை. அவன் நாணிச் சிரித்து, “காலையில் நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் அண்ணே” என்றான்.

மறுநாள் கொடியேற்றத்துக்குச் சிறிது காலந்தாழ்ந்தே சென்றோம். கொடி ஏறிவிட்டிருந்தது. ஒருவரும் வருந்தவில்லை.

அதன்பின் மேற்கொண்ட நடைப்பயணங்களில் நான் வரிசையின் முன்னால் நடப்பதில்லை; கடைசியில் நடக்கிறேன். இப்போது ஆசிரியப் பணியில் இருக்கிறேன். பாடத்தை முடிக்கும் அவசரம் என்னைத் துரத்தும்போதெல்லாம் அப்பெரியவரின் குரல் கேட்கிறது. கடைசி இருக்கை மாணவன் முகத்தைப் பார்க்கிறேன்.

மாணவச் செல்வங்களே! பெருங்கொடைகளுக்குப் பொருள் வேண்டும்; உடன் வருபவருக்காக நடையைச் சற்றுக் குறைப்பதற்கு மனம் ஒன்றே போதும். நீங்கள் எங்கு முந்திச் சென்றாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லாரும் வந்தாச்சா?