தலைக்கும் சமையலுக்கும் ஒரே இலை

பதுவா என்ற ஊரின் பெயரை நம்மில் பலர் அந்தோணியார் வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். உவரியிலும் புளியம்பட்டியிலும் லட்சக்கணக்கான பேர் கும்பிடுகிற அந்தப் புனிதர் அடக்கமாகியிருப்பது வட இத்தாலியிலுள்ள இந்தப் பதுவாவில்தான். வெனிஸ் நகரிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேரம். கல் பாவிய சந்துகள், வெயிலும் மழையும் படாமல் நடந்து போக வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், காய்கறிக்கு ஒரு சதுக்கம், பழத்துக்கு ஒரு சதுக்கம் என்று கண்ணுக்கு நிறைவான ஊர். பார்த்த எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. அங்கே கண்ட ஒரே ஒரு இலையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதுவாவின் பல்கலைக்கழகம் 1222-ல் தொடங்கியது. கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கே பாடம் சொன்னார். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு ‘போ’ என்று பெயர். அதன் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கலாம்! பட்டம் வாங்கி வெளியே வரும் பிள்ளைகள் தலையில் பச்சை இலைக் கிரீடம். அதிலிருந்து கலர் ரிப்பன் தொங்குகிறது. நண்பர்கள் சூழ்ந்துகொண்டு பாட்டுப் பாடுகிறார்கள். அந்தப் பிள்ளையைக் கேலிச்சித்திரமாக வரைந்து, அவர் செய்த குறும்பையெல்லாம் பாட்டாக எழுதிய பெரிய காகிதத்தை நடுத்தெருவில் நின்று உரக்கப் படிக்க வைக்கிறார்கள். நம்மூரில் புது மாப்பிள்ளையை மைத்துனிமார் படுத்தும் பாடு போலத்தான்!

என் தங்கை மகள் அங்கே படிப்பை முடிக்கும் சமயத்தில், ஓர் அக்டோபர் மாதத்தில்தான் நான் போயிருந்தேன்.

“அது என்ன இலைடி?” என்று கேட்டேன்.

“அல்லோரோ, பெரியம்மா. நம்ம பிரிஞ்சி இலை மாதிரி. இங்க பட்டத்துக்கே ‘லௌரேயா’ன்னுதான் பேரு. இந்த இலையோட லத்தீன் பேர்லேர்ந்து வந்த வார்த்தை” என்றாள்.

‘பிரிஞ்சி இலை மாதிரி’ என்றாளே, அந்த ‘மாதிரி’யில்தான் எத்தனை விஷயம் இருக்கிறது!

வேலியில் பறிக்கப் போன பெண்

அவள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். சமையலறைக் கதவை ஒட்டி, பெரிய மண் தொட்டியில் ஆளுயரத்துக்கு ஒரு லாரல் செடி. தலைப்பக்கம் பந்து போலக் கத்தரித்து, அடியில் ஒற்றைத் தண்டாக விட்டிருந்தார். பார்க்க அழகு, அவசரத்துக்கு இரண்டு இலை கிள்ளிக்கொள்ளவும் வசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை மகளோடு தங்கியிருந்த மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிரிஞ்சி சாதம் செய்ய ஆசைப்பட்டாள். இலை மட்டும் இல்லை. அடுத்த காம்பவுண்டில் தளதளவென்று பச்சை வேலி. இலையும் ஏறக்குறைய அதே ஜாடை. ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். முற்றத்தில் நின்ற வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்தாரோ இல்லையோ, ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டார்! பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த வீட்டுச் செடியில் கை வைத்ததற்காகக் கோபித்துக்கொள்கிறார் என்று நினைத்தாளாம்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. தன் தொட்டியிலிருந்து ஓர் இலை, கீழே கிடந்ததிலிருந்து ஓர் இலை எடுத்தார். இரண்டையும் கிழித்து, ஒவ்வொன்றாக எங்கள் மூக்கருகே நீட்டினார். தொட்டி இலையில் யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு வாசனை. வேலி இலையிலோ கசப்பு வாதுமை வாடை.

“சமைக்கிறதுக்கு முன்னாடி மூக்கைக் கேளுங்க” என்று அவர் சொன்னதைத் தங்கை மகள் மொழிபெயர்த்தாள்.

வேலியில் இருந்தது செர்ரி லாரல். பெயரில்தான் லாரல், உண்மையில் செர்ரி, பிளம் பழ மரங்களின் இனம். அதன் இலையைக் கசக்கினால் சயனைடு விஷம் உண்டாகும். இலை பெரிதாக, தடிப்பாக, பளபளவென்றிருக்கும்; ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள். வட இத்தாலி வீடுகளில் வேலிக்கு இதைத்தான் நிறையப் போடுகிறார்கள். தெருவோரத்தில் அரளியும் அழகுக்காக வளர்க்கிறார்கள். அரளியின் விஷம் நமக்குப் புதிதா என்ன! அதன் இலை நீண்டு ஒடுங்கி, கணுவுக்கு மூன்றாக நிற்கும். அவசரக்காரர் கண்ணுக்கு அதுவும் லாரலாகத் தெரியலாம்.

சரி, நம் பிரிஞ்சி இலை? அது தனி மரம். இமயமலை அடிவாரத்தில் வளரும் லவங்கப்பட்டை இனம். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடும், பட்டையும் கிராம்பும் கலந்த மணம். லாரல் இலையில் நடுவே ஒரே நரம்பு, அதிலிருந்து கிளைகள் பிரியும். ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தாராளமாகச் சமைக்கலாம், ஆனால் ருசி ஒன்றல்ல.

இதற்காகவே ஒரு தோட்டம்

மறுநாள் என்னைப் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். அந்தோணியார் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். 1545-ல் தொடங்கி, அன்றிலிருந்து அதே இடத்தில் இருக்கிற தோட்டம். 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எதற்காக இதைப் போட்டார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் மருந்து என்றால் மூலிகைதான். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாமல் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவ மாணவர்கள் செடியை நேரில் பார்த்து அடையாளம் கற்றுக்கொள்ளவே இந்தத் தோட்டம்! வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் நடத்திய பாடமேதான். மூலிகைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் இரவில் திருட்டு அதிகமாகி, பிறகு வட்டமாக மதில் எழுப்பினார்கள். 1585-ல் நட்ட பனையினச் செடி ஒன்று அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. விஷச் செடிகளுக்கென்றே ஒரு பகுதியும் உண்டு.

கிரீடம் சூடிய முதல் பெண்

‘போ’ கட்டடத்துக்குள் மாடிப்படி அடியில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா. வெனிஸ் பிரபு குடும்பத்தில் 1646-ல் பிறந்தவர். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு என்று பல மொழிகள் கற்றவர். கல்யாணம் வேண்டாம், படிப்பே போதும் என்று இருந்தவர். அவருக்கு இறையியலில் பட்டம் தரவேண்டும் என்று கேட்டபோது பதுவாவின் பிஷப் மறுத்துவிட்டார். பெண் எப்படி இறையியல் ஆசிரியையாக முடியும் என்பது அவர் கேள்வி. கடைசியில் தத்துவத்தில் தரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

1678 ஜூன் 25. பரீட்சையைப் பார்க்கக் கூட்டம் தாங்காமல், பல்கலைக்கழக மண்டபத்தை விட்டுப் பெரிய தேவாலயத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. அரிஸ்டாட்டிலிலிருந்து கொடுத்த பகுதிகளை எலேனா லத்தீனில் விளக்கினார். பிறகு விரலில் மோதிரம், தோளில் வெள்ளை ரோமப் போர்வை, கையில் புத்தகம், தலையில் லாரல் கிரீடம்! உலகிலேயே டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று இவரைச் சொல்கிறார்கள். அப்போது வயது 32. ஆறே ஆண்டுகளில், 1684-ல் காலமாகிவிட்டார்.

அடுத்து எத்தனை பெண்கள் வந்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? வரவில்லை, விடவில்லை! பதுவா கதவைச் சாத்திக்கொண்டது. 1732-ல்தான் பொலோன்யா நகரில் லாரா பாஸி பட்டம் பெற்றார். அவருக்குச் சூட்டியது வெள்ளியில் செய்த லாரல் கிரீடம். லாரா என்ற பெயரே இந்த மரத்தின் பெயர்தான்.

கிரேக்கக் கதையிலும் இந்த மரம் ஒரு பெண். துரத்தி வந்த அப்பொல்லோ தேவனிடமிருந்து தப்பிக்க, டாஃப்னே என்ற பெண் மரமாக மாறினாள். அவன் அதன் இலையைப் பறித்துக் கிரீடமாக்கிக்கொண்டான். இந்தக் காட்சியை பெர்னினி செதுக்கிய சலவைக்கல் சிற்பம் ரோமாபுரியில் போர்கேசே மாளிகையில் இருக்கிறது. பெண் மரமானாள், இலை ஆண்கள் தலைக்குப் போயிற்று. எலேனாவின் சிலைக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சமையற்கட்டில்

வீட்டுக்கார அம்மாளின் சமையலில் இந்த இலை இல்லாத நாள் குறைவு. புள்ளி போட்ட பீன்ஸ் விதையை இரவே ஊறவைத்து, மறுநாள் வெங்காயம், செலரி, காரட்டோடு ஒரு லாரல் இலை போட்டு நிதானமாக வேகவைத்து, கடைசியில் பாஸ்தா சேர்க்கிறார். அந்தப் பக்கத்துக் குளிர்கால உணவு இது. இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட் கொட்டையை உப்பும் இரண்டு இலையும் போட்டு அவிக்கிறார். நம் வேர்க்கடலை அவிப்பது போலத்தான். சாப்பிட்டு முடித்ததும் எலுமிச்சைத் தோலும் ஓர் இலையும் கொதிக்கவைத்த வெந்நீர். மருந்தென்று சொல்லவில்லை, வயிற்றுக்கு இதமாக இருந்தது.

ஐந்து பேர் சாப்பிடும் பாத்திரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு இலை போதும். பச்சை இலையில் சற்றுக் கசப்பு உண்டு. காய்ந்தால் அது குறையும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பரிமாறுமுன் இலையை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு வெந்தாலும் அது மெத்தென்று ஆகாது. விறைப்பான ஓரம் தொண்டையில் சிக்கலாம், உள்ளே போய்க் குடலைக் குத்தலாம். குழந்தைகள் தட்டில் இரட்டைக் கவனம்! நம் பிரிஞ்சி இலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

வளர்க்கும் விதம்

மண்ணில் விட்டால் 10 மீட்டருக்கு மேலும் உயரும் மரம் இது. ஆனால் அவசரப்படாது. விதை முளைக்கவே பல மாதம். கிளைத்துண்டு வேர் பிடிக்கவும் பல மாதம். அதனால் கன்றாக வாங்குவதே வழக்கம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கறுப்புக் காய் பெண் மரத்தில் மட்டும்.

தொட்டியில் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் இலை மஞ்சளாகும், வேர் அழுகும். வெயில் வேண்டும், பலத்த காற்று கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மண் மாற்றுகிறார் அந்த அம்மாள். கடுங்குளிரில் தொட்டி மண் உறைந்தால் வேர் பாதிக்கும் என்று சுவரோரம் நகர்த்திச் சாக்கு சுற்றுகிறார். கோடையில் கத்தரிப்பு. பெரிய கத்தரியால் சரசரவென்று வெட்டினால் பாதியாக வெட்டுப்பட்ட இலைகள் பழுப்பேறி அசிங்கமாகிவிடும். சின்னக் கத்தரியால் கிளை கிளையாக நறுக்க வேண்டும். இலை ஓரம் தடித்துச் சுருண்டால் பூச்சி. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிடுகிறார். செதில் பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறார்.

காயவைக்க முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்து, நிழலில் தட்டையாகப் பரப்பி, மேலே காகிதம் போட்டு இரண்டு வாரம் விடவேண்டும். டப்பாவில் இறுக மூடினால் ஒரு வருஷம் மணம் இருக்கும்.

கொல்லையில் இன்னொரு லாரல், கூரைக்கு மேல் வளர்ந்து நின்றது.

“இது எப்போ வெச்சது?” என்று கேட்கச் சொன்னேன்.

“மூத்தவ பிறந்த வருஷம். என்னை அஞ்சாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. இவ பட்டம் வாங்கினா, கிரீடம் கடையிலேர்ந்து வரக்கூடாதுன்னு வெச்சேன்” என்றாராம்.

மகள் பட்டம் வாங்கிய அன்று இந்த மரத்தில் வெட்டித்தான் கட்டினாராம். இளையவளுக்கும் அப்படியே. வாடகைக்கு வந்து படித்த பெண்களுக்கும் அப்படியே. தங்கை மகளுக்கு முதல் நாள் சாயந்திரம் கம்பி வளைத்து அவரே கட்டிக் கொடுத்தார். சிவப்பு ரிப்பன் நான் வைத்துத் தைத்தேன். விழா முடிந்ததும் அதைச் சமையலறை ஆணியில் மாட்டச் சொன்னார். கடைக் கிரீடமானால் மருந்தோ மெருகோ அடித்திருக்கலாம், சமையலுக்கு ஆகாது. இது வீட்டு மரத்து இலை, பயமில்லை.

நான் ஊருக்குக் கிளம்பும்போது கிரீடத்தில் பாதிதான் மிச்சமிருந்தது. மீதியெல்லாம் பீன்ஸ் சூப்பில் போயாயிற்று.