சொல்லாமல் விட்ட 28 நாள்

என் சொந்த ஊரான திருப்புட்குழியில், பெண்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசினேன். அன்று நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

கரு மூளையில் ஸ்டெம் செல்கள் பிரிவதை உயிரோடு படம் பிடிப்பது என் வேலை. எலிக்கருவின் மூளையை மெல்லிய சீவலாக அறுத்து, செல்லில் பச்சையாக ஒளிரும் புரதத்தை ஏற்றி, சத்துநீரில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு படமாக மைக்ராஸ்கோப்பில் எடுத்துக்கொண்டே இருப்போம். பிறந்த நியூரான், தாய்ச்செல்லான ரேடியல் கிளையாவின் நீண்ட இழையைப் பற்றி மேலே ஏறும். ரேடியல் கிளையா வெறும் தாங்குகோல் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். நியூரானைப் பெறுவதும் அதுவே என்பதை 2001-ல் நாக்டர், கிரீக்ஸ்டைன் குழுவினர் இப்படிப் படமெடுத்துத்தான் காட்டினார்கள்.

நாங்கள் எடுத்த அப்படியொரு படத்தைக் கூட்டத்தில் திரையில் ஓடவிட்டேன். இழையைப் பாவு நூல் என்று சொன்னதும் தறி வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. “இது நம்ம வயித்துப் புள்ளையோடதா தம்பி?” என்று ஓர் அம்மா கேட்டார். “ஆமாம்மா” என்றேன். எலி என்றால் அவர்கள் முகத்திலிருந்த வியப்பு போய்விடும் என்று பயந்து சொன்ன பொய்.

அதைவிடப் பெரிய குற்றம் நான் வாய் திறக்காதது. எங்கள் ஊர் விஜயராகவப் பெருமாள் கோயிலில், வறுத்த பயறைக் கட்டி, அது முளைத்தால் பிள்ளை வரம் உறுதி என்பது நம்பிக்கை. அப்படிக் காத்திருக்கும் பெண்களும் அன்று எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாயின் சுவரே மூளையின் முதல் ஸ்டெம் செல்கள். கருவுண்டாகி சுமார் 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூட வேண்டும். மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தோ, மூளை உருவாகாமலோ குழந்தை பிறக்கும். கர்ப்பம் என்பதே பலருக்கு அதற்குள் தெரிந்திருக்காது. முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991-லேயே பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காட்டிவிட்டது. எனக்கு இது மனப்பாடம். மாத்திரை பற்றிப் பேசுவது விஞ்ஞானிக்கு அழகல்ல என்ற அகந்தையில் விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைக்குக் காத்திருக்கும் அக்கா, தங்கைகளே, பயறு கட்டுங்கள். கூடவே, கருத்தரிக்க நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கி, கர்ப்பத்தின் முதல் 3 மாதம் விடாமல் சாப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முன்பு இப்படிக் குறையோடு குழந்தை உண்டாகியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு அளவு அதிகம் வேண்டும்.