விலையும் செவியும்

1991 ஆம் ஆண்டில் இருவேறு ஹெட்போன்கள் சந்தைக்கு வந்தன. ஒன்று, ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் படைத்த ஓர்ஃபியஸ். ஏறத்தாழ 300 மட்டுமே செய்யப்பெற்ற அது, தனக்குரிய ஒலிபெருக்கும் கருவியோடு 10,000 அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு விற்றது. மற்றொன்று, ஜப்பானியச் சோனி நிறுவனத்தின் எம்.டி.ஆர். 7506. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள்தோறும் உழைப்பதற்கென்றே பிறந்த அதன் விலை 100 டாலர் அளவினது. மின்னலையை ஒலியலையாக்கிச் செவியில் சேர்ப்பதே இரண்டின் பணியும். அவ்வாறாயின், நூறு மடங்கு விலை கொடுத்தவர் நூறு மடங்கு இசையைப் பெற்றாரா?

ஓர்ஃபியஸின் அமைப்பு வியப்புக்குரியதே. சாதாரண ஹெட்போனில் காந்தப் புலத்தினுள் அசையும் கம்பிச்சுருள், தன்னோடு ஒட்டிய சவ்வை ஆட்டும். ஓர்ஃபியஸிலோ, துளைகளையுடைய இரு மின்வாய்களுக்கு இடையே மயிரிழையினும் மெல்லிய சவ்வொன்று நிற்கிறது. மின்விசையே அதனை இழுத்தும் தள்ளியும் அசைக்கிறது. சுருளின் சுமை இன்மையால் நுண்ணொலிகள் சிதையாமல் வெளிப்படுகின்றன. அதனை வெறும் பகட்டென்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனால், 2015 இல் அறிவிக்கப்பெற்ற அதன் வழித்தோன்றலுக்கு அப்போது விலை ஏறத்தாழ 50,000 யூரோ. பெருக்கியின் உடலோ இத்தாலியக் கராரா சலவைக்கல்! கல் அதிர்வை அடக்கும் என்றனர் நிறுவனத்தார். அழகும் ஒரு காரணமென்று சொல்லியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

2017 இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு எடுப்பாக ஒலிக்கிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கருவியின் உறுதியையோ, அணிவதில் உள்ள இதத்தையோ அவர் அளக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், இசைக்கு உயிர்நாடி அந்தச் சமநிலையே. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அளவுக்கு மீறிப் பெருத்தால், வலந்தலையின் நுண்மை அதனுள் அமிழ்ந்துவிடும். அக்குறையைத் தங்க முலாம் தீர்க்காது.

செவியோ தனித்துத் தீர்ப்பளிப்பதில்லை. விலைச்சீட்டைக் கண்ட கண் முன்னரே அதன் காதில் ஓதிவிடுகிறது. கண்ணைக் கட்டினாலும் தலையில் ஏறும் எடையும் தோலின் மென்மையும் கருவியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும், பல ஹெட்போன்களின் ஒலிப்பாங்கை ஒரே ஹெட்போன் வழியாகப் போலச்செய்து கேட்கச் செய்தனர். பெயரும் விலையும் மறைந்த அவ்விடத்தில், பெரும்பாலோர் நாடியது சமநிலையான ஒலியையே.

ஒரு மாத ஊதியத்தை எடுத்துக்கொண்டு கடையேறும் இளைஞருக்கு இது சிறு செய்தியன்று. அவர் மூக்குக் கண்ணாடி அணிபவராயின் இன்னொன்றும் உண்டு. கண்ணாடியின் கால், காதைச் சூழும் மெத்தையைச் சற்றே தூக்கி இடைவெளி உண்டாக்கினால், மூடிய வகை ஹெட்போனில் தாழ்ந்த ஒலிகள் கசிந்து மெலிந்துவிடும். அது 100 டாலர்க் கருவியிலும் நிகழும். 1,000 டாலர்க் கருவியிலும் நிகழும்.