அண்ணாச்சி கடை ஹார்ட் டிஸ்க்

திங்கள், மாலை

பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் டிடிபி கடை. ஆடிக் கொடை நோட்டீஸ் வேலை மும்முரம். “தம்பி, இந்த டிஸ்க்க மாட்டுனா ஒண்ணுமே வரமாட்டேங்கு. கொஞ்சம் பாருங்க” என்றார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் போன தடவை ஊருக்கு வந்தபோது, கடை ஃபைல்களையெல்லாம் தன் லேப்டாப் வழியாக ஒரு புது 2 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறார். பிறகு கடை சிஸ்டத்தின் உள் டிஸ்க் படுத்துவிட்டது. வேறு டிஸ்க் போட்டு விண்டோஸ் எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் மறுபடி ஏற்றியாயிற்று. இருபது வருஷ வேலைக்கு இப்போது இந்த ஒரு டிஸ்க்தான் கதி.

கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நோட்டீஸ் போனால் போகட்டும். காலமாகிவிட்ட ஒரு வில்லிசைப் புலவர் இந்தக் கடையிலேயே உட்கார்ந்து, முத்துப்பட்டன் கதையையும் சுடலைமாடன் கதையையும் தன் பாடத்தில் சொல்லச் சொல்ல அண்ணாச்சி தட்டச்சு செய்த ஃபைல்களும் இதில்தான் இருக்கின்றன. கையெழுத்து நோட்டு எதுவும் மிஞ்சவில்லை என்கிறார்.

எனக்கு முதல் வேலை காதால்தான். சிபியுவின் முன்பக்கப் போர்ட்டில் செருகி, டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுழல ஆரம்பிக்கிறது, வேகம் பிடிக்கும் முன்பே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அடங்குகிறது, திரும்பவும் சுழல்கிறது. விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் ‘ஹெட் போய்விட்டது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். 3.0 என்றால் 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடும்போது கொஞ்சமாகத்தான் இழுக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் 500-ஐத் தாண்டிவிடும். பழைய சிஸ்டத்தின் முன்பக்கப் போர்ட்டோ மதர்போர்டிலிருந்து மெல்லிய வயரில் வருவது. வழியிலேயே வோல்டேஜ் இறங்கும்.

பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டுக்கு மாற்றினேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் நடுவில் வந்ததும்தான் சீரான சுழற்சி கிடைத்தது. கைக்குக் கீழே அந்த ஒரே சீரான அதிர்வு தெரிந்தபோது எனக்கே மூச்சு வந்தது. ஆனாலும் மை கம்ப்யூட்டரில் டிஸ்க்கைக் காணோம்.

செவ்வாய்

மை கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போக வேண்டும். டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்பதை அங்கேதான் கேட்க முடியும். திறந்தேன். முழுக் கொள்ளளவும் காட்டி, ‘ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்’ என்று ஒரே கட்டம். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற அட்டவணையை எழுத இரண்டு முறைகள் உண்டு. பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. எம்பிஆர் செக்டார்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. ஒரு செக்டார் 512 பைட் என்றால் சுமார் 2.2 டெராபைட்டோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேலும் போகும்படி ஜிபிடி வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பியின் 32 பிட் பதிப்புக்கு ஜிபிடி தெரியாது.

ஜிபிடியை வகுத்தவர்கள் பழைய கம்ப்யூட்டர்களை மறக்கவில்லை. புது அட்டவணை தெரியாத சிஸ்டம் இந்த டிஸ்க்கைக் காலி என்று நினைத்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக, முதல் செக்டாரில் பழைய முறையிலேயே ஒரு அட்டவணையை எழுதி, டிஸ்க் முழுவதும் ஏற்கெனவே பிடிபட்டிருப்பதாகக் காட்டச் செய்திருக்கிறார்கள். எக்ஸ்பி அதைப் படித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. என்றோ எவரோ எழுதிய அந்த ஒரு செக்டார் புலவரின் பாட்டுக்கு நேற்றும் இன்றும் காவல் இருந்திருக்கிறது. என்ஜினியரிங்கில் எனக்குப் பிடித்த பண்பு இதுதான்: தெரியாத இடத்தில் கை வைக்காதே.

“ஃபார்மட் அடிச்சா வந்துரும்னு ஒருத்தன் சொன்னாம்லா” என்றார் அண்ணாச்சி. யார் சொன்னாலும், எந்தப் பெட்டி வந்து ஃபார்மட் செய்யவா என்று கேட்டாலும், வேண்டாம் என்றே அமுக்குங்கள் என்று சொல்லி, டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதன், இரவு

வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ். டிஸ்க்கில் பார்ட்டிஷன் இரண்டு: விண்டோஸ் தனக்கென ஒதுக்கியது சின்னதாக ஒன்று, என்டிஎஃப்எஸ் பெரிதாக ஒன்று. படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்தேன். ஒரே பிரதியாக இருக்கும் டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. செக்டிஸ்க் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அது பழுது பார்க்கும் சாக்கில் எழுதும். பிரதி எடுத்த பிறகு போடட்டும்.

ஸ்மார்ட் பதிவேட்டில் மாற்றி ஒதுக்கிய செக்டார் பூஜ்யம், சந்தேகத்தில் நிற்கும் செக்டாரும் பூஜ்யம். டிஸ்க் நல்ல ஆரோக்கியம். எல்லாவற்றையும் தனித்தனியாக இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒவ்வொரு ஃபைலின் செக்சம்மையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். எதிலும் வித்தியாசமில்லை.

ஜிபிடியை அழிக்காமலே எம்பிஆராக மாற்றும் கருவிகள் இருக்கின்றன. பிரதி கையில் இருக்கும்போது அந்தச் சாகசம் எதற்கு? இது 2 டெராபைட் டிஸ்க், எம்பிஆர் எல்லைக்குள் அடங்கிவிடும். துடைத்து எம்பிஆர் போட்டு, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபைல்களைத் திரும்ப ஏற்றினேன். பார்ட்டிஷனை விண்டோஸ் 10-இல்தான் போட்டேன். எக்ஸ்பி 63-ஆம் செக்டாரில் தொடங்கும். உள்ளே 4096 பைட் செக்டார் வைத்திருக்கும் இன்றைய டிஸ்க்குக்கு அது இசையாது, எழுதும்போது இழுத்தடிக்கும். புதியவை 2048-இல் தொடங்குகின்றன. என்டிஎஃப்எஸ் பற்றிக் கவலையில்லை. எக்ஸ்பி காலத்து 3.1 பதிப்புதான் இன்றும்.

வெள்ளி

கடையில் மாட்டினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் ‘ஹெல்தி’ என்கிறது, எஃப் என்று எழுத்தும் கொடுத்திருக்கிறது. மை கம்ப்யூட்டரில் இன்னும் இல்லை. அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. பக்கத்து மேஜை சிஸ்டத்தின் ஃபோல்டரை நெட்வொர்க் டிரைவாக இழுத்து வைத்திருந்தார்கள், அதுவும் எஃப். எக்ஸ்பி புது டிஸ்க்குக்கு எழுத்து ஒதுக்கும்போது நெட்வொர்க் டிரைவைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இது அதற்குப் பின்னால் மறைந்துபோயிற்று. எழுத்தை ஆர் என்று மாற்றியதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

புலவரின் ஃபைலை பேஜ்மேக்கரில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை. டிஸ்க் மேல் குற்றமில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றியபோது எழுத்துருக்கள் போய்விட்டன. மகன் புத்திசாலி, எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறார். அவற்றை நிறுவிவிட்டுத் திறந்ததும் முத்துப்பட்டன் தெளிவாக வந்தான். அண்ணாச்சி திரையில் விரலை வைத்து, புலவர் இழுத்துப் பாடும் இடத்தை மெல்லப் பாடிக் காட்டினார்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, அதுவும் 2001. இந்த சிஸ்டம் ஓடும் வரைதான் இந்த ஃபைல்கள் இப்படித் திறக்கும். உரையை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். பழைய எழுத்துருவில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் தட்டியபடியே பதிவாகியிருக்கும். யூனிகோடிலோ மெய்க்குப் பின்னால் வரும். மாற்றும் நிரல் பெரும்பாலும் சரியாகப் புரட்டிவிடும். ஆனால் புலவரின் வட்டார உச்சரிப்பை அப்படியே தட்டிய சொற்களில் பிழை எது, பாடம் எது என்று நிரலுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும்.

“பத்திரிகையெல்லாம் பொறவு பாக்கலாம், மொதல்ல பட்டன் கதை” என்றார். ஒரு பிரதி மகனிடம் சென்னைக்கு, ஒன்று என் வீட்டில். கொடை வேலை முடிந்த மறுநாள் அவர் வாசிக்க, நான் திருத்துவதாக ஏற்பாடு.