"அவரப் பார்த்து ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, சேர்"

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 8 கணிதக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். மொட்டைத் தலை, வெள்ளைக் கோட், கழுத்தே தெரியாத பெரிய உடம்பு, கையில் ஒரு பிரம்பு. நன்றாகத்தான் கீறியிருந்தான். ஆள் யாரென்று பார்த்தவுடன் விளங்கியது. மார்வெல் கதைகளில் வரும் கிங்பின். நியூயோர்க் நகரத்துக் குற்றக் கும்பல்களுக்குத் தலைவன்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "எல்லாரும் ஸ்பைடர்மேனக் கீறுவாங்க. நீங்க ஏன் வில்லனக் கீறினீங்க?"

கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "அவரப் பார்த்து ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, சேர்."

அந்தப் பிள்ளைதான் வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரன். அதை வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் இரண்டொரு தரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அவனே சிரிக்கிறான்தானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

அன்று இரவு கிங்பினின் கதையைத் திரும்பவும் தேடி வாசித்தோம். அதைத்தான் உங்களோடு கதைக்க வந்தோம்.

1967 ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் சித்திரக் கதையின் 50 ஆவது இதழில் கிங்பின் முதல் தடவையாக வருகிறான். கதை எழுதியவர் ஸ்டான் லீ, படம் வரைந்தவர் ஜோன் ரொமிட்டா. அந்தக் கதையில் அவன் வளர்ந்த மனிதனாகவே வருகிறான். அவனுடைய சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பார்த்தால் கொழுப்பு என்று நினைப்போம், ஆனால் அந்த உடம்பு முழுக்கத் தசை.

அவன் எங்கிருந்து வந்தான் என்ற கதை பிறகுதான் சேர்ந்தது. உண்மைப் பெயர் வில்சன் பிஸ்க். நியூயோர்க்கில் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. குண்டாக இருந்ததால் மற்றப் பிள்ளைகள் சேர்க்கமாட்டார்கள், கேலி பண்ணுவார்கள். அவன் ஒருவரிடமும் முறையிடவில்லை. உடம்பைப் பயிற்றினான், சண்டை பழகினான். பலம் வந்த பிறகு, கேலி பண்ணியவர்களை ஒவ்வொருவராக அடக்கினான்.

அடுத்து நடந்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. அடக்கியவர்களை அவன் விரட்டிவிடவில்லை. தன்னுடைய ஆட்களாக்கிக்கொண்டான். அவனுடைய முதல் கும்பலே அவனைப் பார்த்துச் சிரித்த பொடியன்கள்தான். பிறகு ரிகொலெட்டோ என்ற கும்பல் தலைவனுக்கு மெய்க்காவலனாகப் போனான். ஒருநாள் அவனையும் கொன்றுவிட்டு அந்தக் கதிரையில் தானே உட்கார்ந்தான்.

2015 இல் வந்த டேர்டெவில் தொலைக்காட்சித் தொடர் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே தகப்பன் நகரசபைத் தேர்தல் கேட்டவர். கும்பல் தலைவனிடம் கடன் வாங்கிச் செலவழித்துத் தோற்றுப்போனவர். தெருவில் ஒரு பொடியன் தகப்பனையும் மகனையும் நக்கலடிக்கிறான். தகப்பன் வில்சனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பொடியனை அடித்து விழுத்துகிறார். பிறகு மகனைப் பார்த்து, "உதை" என்கிறார். மகன் உதைக்கிறான். "இன்னும் உதை" என்கிறார்.

வீட்டிலோ அதே தகப்பன் மகனைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறார். எப்படிப்பட்ட ஆம்பிளையாக வரப்போகிறாய் என்று யோசி என்கிறார். அவன் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் தாய்க்கு இடுப்புப் பட்டியால் அடி விழுகிறது. ஒருநாள் சத்தம் தாங்காமல் எழும்பிப் போன மகன் சுத்தியலை எடுத்துத் தகப்பனை அடித்துக் கொன்றுவிடுகிறான். தாயும் மகனும் சேர்ந்து அதை மறைக்கிறார்கள். வளர்ந்து நகரத்தையே ஆட்டிப்படைக்கும் காலத்தில், முழுக்க வெள்ளையான ஓர் ஓவியத்தை வாங்கித் தன் அறையில் மாட்டிவைக்கிறான். அந்தச் சுவரை விட்டு அவன் எழும்பவே இல்லை.

இனி மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கிங்பினுக்கு எதிராக நிற்கும் டேர்டெவில் யார்? 1964 இல் வந்த முதல் இதழிலேயே அவனுடைய கதை இருக்கிறது. மெட் மர்டொக் என்ற பிள்ளை, தாயில்லாத வீடு, குத்துச்சண்டைக்காரத் தகப்பன். அந்தத் தகப்பன் மகனிடம் ஒரு வாக்கு வாங்குகிறார்: என்னைப் போல அடிபட்டுப் பிழைக்கக் கூடாது, படிக்க வேண்டும். அதனால் மெட் தெருவில் விளையாடப் போவதில்லை, சண்டைக்கும் போவதில்லை. பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பயந்தாங்கொள்ளியைக் குத்திக்காட்ட "டேர்டெவில்", அதாவது அஞ்சா நெஞ்சன், என்று பட்டப்பெயர் வைக்கிறார்கள். ஆம், அந்த வீரனின் பெயரே ஒரு கேலிப் பெயர்தான்.

அவனும் ஒளித்து ஒளித்து உடம்பைப் பயிற்றினான். ஒருநாள் பார்வையில்லாத ஒரு மனிதர் லொறியில் அடிபடப் போகும்போது பாய்ந்து காப்பாற்றி, லொறியிலிருந்து விழுந்த கதிரியக்கப் பொருளால் தன் கண்களை இழந்தான். அவனும் கொஞ்ச வேதனை படவில்லை. தோற்கச் சொன்ன பந்தயத்தில் மகனுக்காக வென்ற தகப்பனைக் கும்பல்காரர்கள் கொன்றார்கள். ஆனாலும் மெட் படித்துச் சட்டத்தரணியானான்.

ஒரே நகரம். இரண்டு ஏழைப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கேலி. இரண்டு பேரும் தனியே உடம்பைப் பலப்படுத்தினார்கள். அப்படியானால் எங்கே பிரிந்தார்கள்?

கேலி பட்ட பிள்ளைகள் எல்லாம் வில்லனாகிறார்கள் என்று சொன்னால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். மெட் அதற்குச் சாட்சி. பிஸ்க் செய்த கொலைகளுக்குப் பிஸ்க்தான் பொறுப்பு. சின்ன வயதுக் காயம் காரணத்தை விளங்கப்படுத்தும், குற்றத்தைக் கழுவாது. ஆனால் வெட்கப்பட்டு நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பெரியவர் என்ன சொல்கிறார் என்பது பெரிய விஷயம். ஒருவர் "இன்னும் உதை" என்றார். மற்றவர் "நீ படி" என்றார்.

கலாசாலையில் உளவியல் பாடம் படித்தோம், பரீட்சையும் எழுதினோம். ஆனால் "இன்னும் உதை" என்று சொன்னால் மட்டும்தான் தவறு என்று நினைத்திருந்தோம். வகுப்போடு சேர்ந்து சிரிப்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாடம்தான். பலமில்லாதவனைப் பார்த்து சேரும் சிரிப்பார், அதனால் பலம் வேண்டும் என்ற பாடம். அதை நாங்கள்தான் படிப்பித்திருக்கிறோம்.

சிரித்த பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். பிஸ்கின் முதல் ஆட்கள் யார்? இன்று ஒருவனைப் பார்த்துக் கூட்டமாகச் சிரிப்பவர்கள், நாளை அவன் பலத்தோடு வந்தால் அவனுக்குப் பின்னாலும் கூட்டமாகத்தான் போவார்கள்.

அடுத்த நாள் காலை இடாப்புக் கூப்பிடும்போது அவனுடைய முழுப் பெயரைச் சொன்னோம். பின்வாங்கிலிருந்து யாரோ பழக்கத்தில் பட்டப்பெயரைச் சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. "இந்தப் பெயர நாங்களும் சொல்லியிருக்கோம். அது எங்கட பிழ. மன்னிச்சுக்கோங்க மகன்" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் "பிரசன்ட் சேர்" என்றான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இன்டர்வலில் அந்தப் பெயர் இன்னும் கேட்கிறது. கேட்கும் ஒவ்வொரு தரமும் நின்று கதைக்கிறோம். கொப்பியில் இப்பவும் கிங்பின் இருக்கிறார். நாங்கள் அழிக்கச் சொல்லவில்லை. டேர்டெவிலின் கதையையும் சொல்லிக் கொடுத்தோம். "அவருக்கும் பட்டப்பேர் வச்சாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டான்.

வாப்பாமாரே, உம்மாமாரே, உங்கள் வீட்டில் கறுவல், கட்டையன், குண்டன் என்று செல்லமாகக் கூப்பிடும் பிள்ளை இருக்கும். அவன் சிரிக்கத்தான் செய்வான். இன்று ராவைக்கு அவனுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஒருக்கா திருப்பிப் பாருங்கள்.